ஒரு நிமிஷம், இரு

இறந்தவர்களின் பார்வையை வடித்துக் கொடுக்கும் இடத்துக்கு, சனிக்கோளின் நிலவான டைட்டன் குடியிருப்பில், வடிப்பகம் என்று பெயர். வியாழக்கிழமைகளில் கூட்டம் அதிகம். ஜெபராஜ் தன் மனைவியின் கண்வில்லையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றான். கண்ணாடிக் கூரைக்கு மேல் ஆரஞ்சு மூட்டம் மெல்ல நகர்ந்தது.

அங்கே எல்லோர் கண்ணிலும் வில்லை உண்டு. பார்ப்பதையும் கேட்பதையும் அது பதியும். இறந்தவர் வில்லையில் கடைசிச் சிறிது நேரம் தேங்கியிருக்கும். வடித்தால் சுவரில் ஒருமுறை ஓடும். பிறகு வில்லை கரைந்துவிடும். முழுதாகச் சேமிக்க இடம் போதாது. சுருக்கித்தான் வைக்கவேண்டும். எது கூர்மையாக இருக்கட்டும், எது மங்கட்டும் என்று ஓர் அமைப்புப் பட்டியல் கேட்கும். காற்றில் மிதக்கும் அந்தப் பட்டியல் அவரவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

மனைவி பியூலாவை அவனும் நிறையப் பதிந்திருந்தான். ஆனால் கண் நிற்கும் இடத்தைத்தான் வில்லை தெளிவாக எடுக்கும். அவன் கண் பட்டியலில் நின்றது. திருமணத்தில், மீத்தேன் ஏரிப் படகில், எங்கும் அவளை நிறுத்திவைத்துச் சுருக்க விகிதத்தை மாற்றிக்கொண்டிருப்பான்.

"முடிஞ்சதாப்பா? என் சிரிப்பே ஆறிப்போச்சு" என்பாள்.

எல்லாப் பதிவிலும் பட்டியல் துல்லியம். ஓரத்தில் அவள், புகை மாதிரி. இனி இந்த வில்லை ஒன்றுதான்.

"தம்பி, எதையும் தொடாதீங்க" என்றாள் வடிப்பகத்து நசீமா. "சும்மா விட்டா மெஷினே சேமிச்சுக்கும். தொட்டீங்கன்னா, நீங்க சரி சொல்ற வரைக்கும் ஒண்ணும் சேமிக்காது."

"சும்மா விட்டா தரம் குறையாதா அக்கா?"

"குறையும். எங்க வீட்டுக்காரர் பதிவுல என் மூக்கு கொஞ்சம் கலங்கித்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும், மூக்குதானே?"

நசீமா வில்லையைப் பொருத்திவிட்டு வெளியே போனாள். அறை இருண்டது. சுவரில் மருத்துவமனைக் கூரை மிதந்து வந்தது. நல்ல வெளிச்சம். இதைக் கலங்கவிட அவனுக்கு மனம் வரவில்லை. பட்டியலைத் தொட்டான்.

அசைவுக்கு முன்னுரிமையா, நிறத்துக்கா? இரைச்சலை நீக்கலாமா? நீக்கினால் அவள் விரல் ரேகைகள் போய்விடும். நீக்காவிட்டால் அளவு பெருகும். யோசித்தான். சுவரின் நிறங்கள் அவன் கன்னத்தில் மாறிக்கொண்டே இருந்தன. யாரோ மெதுவாகச் சிரித்த மாதிரி இருந்தது.

வெளியிலிருந்து நசீமா கண்ணாடிக் கதவைத் தட்டினாள். "தம்பி, ஓடுது. பாருங்க."

"இதோ அக்கா."

நிறத்துக்கு முன்னுரிமை. இரைச்சல் அப்படியே. உச்சத் தரம். சரி என்றான். நிமிர்ந்தான்.

சுவரில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் இமைமுடி ஒவ்வொன்றும் தெரிந்தது. அத்தனை கவனமாக யாரோ அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனோ வெறும் காற்றைப் பார்த்து விரலை நகர்த்திக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சதாப்பா?" என்று பியூலாவின் குரல் கேட்டது.

"ஒரு நிமிஷம், இரு" என்றான் சுவரில் இருந்த ஜெபராஜ், திரும்பாமல்.

சுவர் வெளுத்தது.

"கடைசித் துண்டு மட்டும்தான் சேமிச்சிருக்கு" என்றாள் நசீமா. பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாள்: "ஆனா தரம் ரொம்ப நல்லா வந்திருக்கு தம்பி."