மேஸ்திரியின் மணல் பெட்டி

ஆண்டர்சன்பேட்டை பஜாரில் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்தார் வெங்கடசாமி. தலைவலி என்று வந்தாலும் சரி, முட்டிவலி என்று வந்தாலும் சரி, அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "வெளிக்குப் போச்சா?"

அன்று காலை அதே கேள்வியைக் கடைப் பூனை மேஸ்திரியிடமும் கேட்டார். அது பதில் சொல்லுமா என்ன? மணல் பெட்டியில் ஏறி உட்கார்ந்து முக்கியது. அழுதது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"மலச்சிக்கல்தான். வெளக்கெண்ணெய் குடுத்தா சரியாப்பூடும்."

"அதெல்லாம் இல்லண்ணா, ஜோடி தேடிக் கத்துது," என்றார் பக்கத்துத் தையற்கடை பிலோமினா.

வெங்கடசாமியின் மகள் ஸ்வப்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேருமே அடித்துப் பேசுகிறார்கள். யாரை நம்புவது? மேஸ்திரியோ பாலைக்கூடத் தொடவில்லை. வயிற்றில் கை வைத்தால் சீறியது.

அப்பா எண்ணெய்ப் புட்டியைத் திறந்தார்.

"நைனா, கொஞ்சம் இருங்க!"

மணல் பெட்டியைத் தினமும் சுத்தம் செய்பவள் அவள்தானே! மூக்கைப் பிடித்துக்கொண்டு கரண்டியால் கிளறினாள்.

"வெளிக்குப் போயிருக்கு நைனா! இதோ பாருங்க!"

"அய்யய்ய, எட்டப் புடி! அப்பறம் இன்னாத்துக்கு முக்குது?"

"அதான் எனக்கும் புரியல. தினமும் ஈர மணலு கட்டி கட்டியா வரும். இன்னிக்கு எல்லாமே காஞ்சி கெடக்கு. அது ஒண்ணுக்கே போவல நைனா!"

அப்பா புட்டியை மூடினார். "இதுக்கு நம்ம கடையில மருந்து இல்லம்மா. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

கால்நடை டாக்டர் ஷைலஜா பூனையின் வயிற்றைத் தொட்டதுமே அவர் முகம் மாறியது.

"மூத்திரப்பை ரொம்பிக் கல்லு மாதிரி இருக்கு. ஆண் பூனைக்கு மூத்திரம் போற வழி ரொம்பச் சின்னதுங்க. பொடிக்கல்லு அடைச்சிக்கிச்சு. இன்னும் விட்டிருந்தா கிட்னி கெட்டு உயிரே போயிருக்கும். வீட்டுல ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"இல்லீங்க," என்றார் அப்பா, மகளைப் பார்த்தபடி. "இவ விடல."

மெல்லிய குழாய் வைத்து அடைப்பை நீக்கினார்கள். சில நாள் அங்கேயே வைத்திருந்து, குழாயை எடுத்தபின் அனுப்பினார்கள்.

"மறுபடி அடைக்கலாம். ஒழுங்காப் போகுதான்னு பாத்துக்குங்க," என்றார் டாக்டர்.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது மேஸ்திரி அப்பாவின் மடியில் படுத்திருந்தது. நந்திதுர்க் சுரங்கத்தைத் தாண்டியதும் அவருடைய வெள்ளை வேட்டி சூடாக நனைந்தது.

"ஐயோ நைனா, வேட்டி!" என்று பூனையைத் தூக்கப் போனாள் ஸ்வப்னா.

அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா இரு, புள்ள! முழுசாப் போவட்டும்!"