துரை வீட்டுக்குக் கஞ்சி

நமுனுகுல மலைச்சரிவில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், துரை கத்தாத காலை என்று ஒன்று இருந்ததே கிடையாது.

விடிந்ததும் எல்லோரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். யாருக்கு எந்த மலையில் வேலை என்று அங்கேதான் பிரிப்பார்கள். குதிரையில் வரும் வெள்ளைக்காரத் துரை, இரண்டு பேரையாவது திட்டாமல் திரும்ப மாட்டார். அப்படிப்பட்டவர் திடீரென்று பெரட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

“சீமையில இருந்து தந்தி வந்துச்சாம்” என்றார் வீரய்யா, தன் பத்து வயது மகள் ரெங்கம்மாவிடம். “யுத்தத்துக்குப் போன தொரை மகன் செத்துப் போயிட்டாராம். ஒத்தப் புள்ள.”

யுத்தம் தொடங்கி நான்காவது வருடம் நடந்துகொண்டிருந்தது.

“எதுக்குப்பா சண்ட போடுறாங்க?”

வீரய்யா தலையைச் சொறிந்தார். “எங்கயோ ஒரு ராசா வீட்டுப் புள்ளையச் சுட்டுட்டாங்களாம். அதுக்காக ஒரு ராசா இன்னொரு ராசா மேல பாஞ்சாரு. இவருக்குக் கூட்டாளி, அவருக்குக் கூட்டாளின்னு ஒலகமே சேந்துகிச்சு.”

ரெங்கம்மாவுக்கு இது நன்றாகப் புரிந்தது. போன வருடம் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஒரு குடம் உடைந்தது. குடத்துக்காரிக்குச் சித்தி வந்தாள். சித்திக்கு மைத்துனர் வந்தார். மைத்துனருக்குச் சம்பந்தி வந்தார். பொழுது சாய்வதற்குள், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயமும் கீழ் லயமும் விறகுக் கட்டையோடு எதிரெதிரே நின்றன. குடத்தை உடைத்தது யார் என்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது!

ஆனால் அந்தச் சண்டை மறுநாளே ஓய்ந்தது. இந்தச் சண்டையோ கடலையே மறித்துவிட்டது. ரங்கூனிலிருந்து அரிசி ஏற்றி வரும் கப்பல்கள் குறைந்தன. பண்டாரவளையிலிருந்து மாட்டுவண்டியில் வரும் மூட்டைகளும் குறைந்தன. எங்கேயோ சுட்ட குண்டு கடல் தாண்டி, மலை ஏறி, தங்கள் வீட்டுப் பானையில் வந்து விழுந்திருக்கிறதே! உலகம் இப்படியா ஒன்றோடொன்று கட்டிக் கிடக்கிறது என்று ரெங்கம்மா மலைத்துப் போனாள்.

அரிசி குறைந்ததும், துரை அரிசி அறையின் சாவியைக் கணக்கப்பிள்ளையிடமிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். சனிக்கிழமைதோறும் அவர் கண் முன்னால்தான் அரிசி அளக்க வேண்டும். தந்தி வந்த வாரத்துச் சனிக்கிழமை துரையும் வரவில்லை, சாவியும் வரவில்லை.

“பங்களாவுக்குப் போய்க் கேளுங்களேன்!” என்று பெண்கள் கணக்கப்பிள்ளையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“நான் புள்ளகுட்டிக்காரன். புலி வாயில தலைய விடச் சொல்றீங்களே!” என்று அவர் நழுவிவிட்டார்.

புதன்கிழமை வந்தது. அம்மா கொழுந்து பறிக்கப் புறப்படும் முன் பானையைச் சுரண்டி, இரண்டு பிடி அரிசி எடுத்து வைத்தாள்.

“இதுதாண்டி கடைசி. தம்பிக்குக் கஞ்சி காச்சிக் குடு. ராத்திரிக்கு எங்கயாவது மரவள்ளிக் கெழங்கு கெடைக்குமான்னு பாக்குறேன்.”

கஞ்சி கொதிக்கும் நேரத்தில் பங்களாவின் சமையல்காரர் அந்த வழியே வந்தார். அவரை எல்லோரும் அப்பு என்பார்கள்.

“தொரை ஒண்ணும் சாப்புடல. வச்சது வச்சபடி இருக்கு” என்று அவர் புலம்பினார். “இன்னைக்கு நான் அடுப்பே மூட்டல.”

ரெங்கம்மா நிமிர்ந்தாள். “அப்போ யாரு கஞ்சி கொண்டு போறாங்க?”

“யாருக்கு?”

“தொரைக்குத்தான். அது சாவு வீடாச்சே!”

“வெள்ளக்காரத் தொரைக்குக் கஞ்சியா? நல்ல கதை!” என்று சொல்லிவிட்டு அப்பு நடையைக் கட்டினார்.

ரெங்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் அவள் மாமா சின்னராசா இறந்த சேதி வந்தது. அன்று அம்மா அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து கஞ்சி வந்தது. பீலியடியில் சண்டை போட்ட மேல் லயத்துக்காரிகூடக் கொண்டுவந்தாள். சாவு வீட்டை யாரும் பட்டினி போட மாட்டார்கள்.

அவள் தம்பிக்குப் பாதிக் கஞ்சியைக் கொடுத்தாள். மீதியில் சுடுதண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, செம்பில் எடுத்துக்கொண்டாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மலை ஏறினாள்.

பங்களாவின் கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. சாவு வீட்டில் கதவைத் தட்டிக் காத்து நிற்கிற வழக்கம் லயத்தில் இல்லை. அவள் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே போனாள்.

உள்ளே துரை உட்கார்ந்திருந்தார். முகத்தில் நரைத்த தாடி முளைத்திருந்தது. குதிரை மேல் மலையளவு தெரிந்தவர், நாற்காலியில் அவள் அப்பா அளவுதான் இருந்தார்.

அவள் செம்பை மேசையில் வைத்துவிட்டு, பேசாமல் திரும்பினாள்.

“நில்லு!” என்றார் துரை. தோட்டத்துத் துரைகளுக்குத் தமிழ் தெரியும். “யார் நீ? கதவு தட்டாமல் வந்தது. சொல்லாமல் போறது. என்ன இது?”

“சாவு வீட்ல ‘போயிட்டு வாரேன்’னு சொல்லக் கூடாதுங்க தொரை” என்றாள் ரெங்கம்மா.

“சாவு வீடு” என்று துரை மெல்லச் சொல்லிப் பார்த்தார். தந்தி வந்த நாள் முதல் அந்தப் பங்களாவில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, அவர் தேம்பித் தேம்பி அழுதார்.

ரெங்கம்மா திகைத்துப் போனாள். துரைகளும் அழுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. லயத்தில் யாராவது அழுதால் பக்கத்தில் போய் உட்காருவார்கள். அவளும் தம்பியோடு தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

சுவரில் ஒரு பெரிய உலகப் படம் தொங்கியது. அழுகை அடங்கியதும், துரை அதில் ஓரிடத்தைத் தொட்டார். “இங்கேதான் என் மகன். பிரான்ஸ்.”

“நாம எங்கங்க இருக்கோம்?”

துரை வெகு கீழே விரல் வைத்தார். ஒரு கொழுந்து இலை அளவுக்கு ஒரு தீவு! அதற்குள்தான் இந்த மலையும் லயமும் பதுளை டவுனும் இருக்கின்றனவாம். ரெங்கம்மா வாயைப் பிளந்தாள்.

“எங்க மாமா பஸ்ராவுலங்க” என்றாள்.

துரை சட்டென்று திரும்பினார். “உன் மாமாவா?”

“கோவேறு கழுத ஓட்டுற வேலைன்னு, திருச்சியில இருந்து பட்டாளத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்கயே காய்ச்சல்ல செத்துப் போச்சு.”

துரையின் விரல் பிரான்சிலிருந்து பஸ்ராவுக்கு மெல்ல நகர்ந்தது. வெகு நேரம் அங்கேயே நின்றது. எங்கோ ஒரு மூலையில் ஒருவர், இன்னொரு மூலையில் ஒருவர். இரண்டு சாவுகளும் இந்த ஒரே மலைக்குத்தான் வந்து சேர்ந்திருந்தன.

அதற்குள் தம்பி மேசையைப் பிடித்து எழுந்து, செம்பை இழுத்தான். துரை அதைத் தாங்கிப் பிடித்து, அவனுக்கு ஒரு வாய் கொடுத்தார். பிறகு தானும் ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தார்.

“ஏன் இவ்வளவு தண்ணி?”

“அரிசி இல்லீங்க. இதுதான் கடைசி” என்றாள் ரெங்கம்மா. கொஞ்சம் தயங்கி, “சாவி உங்க பையிலதாங்க இருக்கு” என்றாள்.

துரை பையில் கை விட்டார். சாவியை வெளியே எடுத்துப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்துவிட்டது. ஆனாலும் செம்பைக் கீழே வைக்கவில்லை. சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

குதிரையைக் கொண்டுவரச் சொல்லவில்லை. நடந்தே மலை இறங்கினார். பின்னால் செம்பும் தம்பியுமாக ரெங்கம்மா ஓடினாள்.

அரிசி அறையைத் திறந்ததும் லயமே திரண்டு வந்துவிட்டது. துரை சத்தமாகக் கேட்டார்: “யார் யார் வீட்டு ஆள் சண்டைக்குப் போனது?”

ரெங்கம்மாவின் அம்மா தயங்கித் தயங்கிக் கை தூக்கினாள். வரிசையின் கடைசியில் இன்னொரு கை எழுந்தது. அப்புறம் நடுவில் ஒன்று. அதன் பின்னால் இன்னும் சில. அண்ணன் தம்பிமார், அக்காள் மக்கள், மச்சான்மார்! அத்தனை நாளும் பக்கத்தில் நின்று கொழுந்து பறித்தவர்களே ஒருவரை ஒருவர் வியந்து பார்த்தார்கள். துரை தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்தக் கைகள் இறங்கும் வரை அப்படியே நின்றார். பிறகு எல்லோருக்கும் அரிசி அளக்கச் சொன்னார்.

திங்கட்கிழமைப் பெரட்டில் துரை வழக்கம்போலத்தான் கத்தினார். கணக்கப்பிள்ளைக்குத்தான் முதல் திட்டு. ஆனால் அரிசி அறையின் சாவி இப்போது கணக்கப்பிள்ளையின் இடுப்பில் தொங்கியது. அதன் பிறகு அது துரையின் பைக்குத் திரும்பவே இல்லை.