நான்காவது அசைவு

காலை ஏழு மணிக்கு, சிங்கப்பூரில் அறுபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் இடது பக்கம் திரும்பி, மூச்சைப் பிடித்தார்கள். பலர் இருமினார்கள். சற்குணம் கொஞ்சம் அதிகமாகவே இருமினார்.

"போச்சு, மறுபடியும் நாப்பத்திநாலு," என்றாள் அவர் மனைவி பரிமளம், சுவரில் ஒளிர்ந்த மூச்சளவைப் பார்த்து.

"என்னைத் திட்டாதே. சட்டைக்குள்ள இருக்கிறது நீதானே?"

அது உண்மைதான். ஒருவர் உடம்பின் பழக்கத்தை இன்னொருவர் உடம்புக்குக் கொடுப்பது அசைவுச் சட்டை. அதன் நுண்ணிழைகள் தோளை மெல்ல இழுக்கும். விலாவை அழுத்தி விடும். சீகோங் என்கிற சீன மூச்சுப் பயிற்சியின் எட்டு அசைவுகளையும் இனி யாரும் கற்க வேண்டாம். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறங்கி, பத்துப் பேரோடு வரிசையில் நிற்கவும் வேண்டாம். வீட்டில் தனியாகச் செய்தி பார்த்துக்கொண்டு நின்றால் போதும், மற்றதைச் சட்டை பார்த்துக்கொள்ளும். முப்பது வருஷமாகக் கீழ்த்தளத்தில் சீகோங் செய்துவந்த பரிமளத்தின் உடம்பைத்தான் சட்டை நிறுவனம் பதிவு செய்திருந்தது. நிமிடத்துக்கு நான்கே மூச்சு. அப்படி ஓர் அமைதி வேறு யாரிடமும் கிடைக்கவில்லையாம்.

சற்குணத்தின் நுரையீரலில் அறுவை சிகிச்சை செய்ய மூச்சளவு ஐம்பதாவது வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் கொடுத்த ஒரு மாதத்தில் ஒன்பது நாள்தான் மிச்சம். தினமும் மூன்று அசைவுகள் வரை அளவு ஏறும். நான்காவதில், தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும் அசைவில், மூச்சு அடைத்துக்கொண்டு அளவு விழுந்துவிடும்.

அன்று மதியம் இர்ஃபானா வந்தாள். சட்டையை வடிவமைத்த பொறியாளர். புகார்களைப் படித்துப் படித்துக் கண் சிவந்திருந்தது.

"ஆன்ட்டி, நாலாவது அசைவில இடது பக்கம் திரும்புறப்போ ரெண்டு வினாடி மூச்சைப் பிடிக்கிறீங்க. அப்புறம் நல்லா நீளமா விடுறீங்க. சட்டை போட்டவங்களுக்குப் பிடிக்க மட்டும்தான் வருது, விட வரமாட்டேங்குது. வலது பக்கம் திரும்புறப்போ ஒரு பிரச்சினையும் இல்ல. இடது பக்கம் அப்படி என்னதான் இருக்கு?"

"ஒண்ணுமில்லையேம்மா. கீழ்த்தளத்துல ஒரு பெஞ்சு இருக்கும்."

"பெஞ்சுல?"

பரிமளம் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நழுவப் பார்த்தாள்.

"நான் இருப்பேன்," என்றார் சற்குணம். "பேப்பரை மூஞ்சியில போட்டுக்கிட்டுத் தூங்குவேன். இவ என் அழகைப் பாக்குறான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"அழகு!" பரிமளம் நின்றாள். "மூணு வருஷத்துக்கு முன்னாடி அதே பெஞ்சுல மூச்சு முட்டிச் சரிஞ்சீங்களே, மறந்துபோச்சா? அன்னையிலேர்ந்து திரும்புறப்போல்லாம் பாக்குறேன், நெஞ்சு ஏறி இறங்குதான்னு. இறங்கினாத்தான் எனக்கு மூச்சு வரும். இதையெல்லாம் மெஷின்காரங்ககிட்ட சொல்லுவாங்களா?"

சற்குணம் ஏற்கெனவே மடித்திருந்த பேப்பரை இன்னொரு முறை மடித்தார்.

"அப்போ அறுபதாயிரம் பேரும்," என்றாள் இர்ஃபானா மெதுவாக, "தினமும் திரும்பி, அங்க ஒருத்தர் உயிரோட இருக்காரான்னு தேடுறாங்க. அங்க சுவர்தான் இருக்கு. அந்த ரெண்டு வினாடியை வெட்டிப் பாத்தோம் ஆன்ட்டி. அடுத்து வர்ற பெரிய மூச்சும் சேர்ந்து போயிடுது. அதுலதான் நுரையீரல் விரியுது."

மறுநாள் காலை பரிமளம் கணவனுக்கு இடது பக்கத்தில் போய் நின்றாள். நான்காவது அசைவில் அவர் திரும்பினார். மூச்சு நின்றது. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்டார். மூச்சு தானாக, நீளமாக வெளியேறியது. அளவு நாற்பத்தாறு.

அந்த வாரமே நிறுவனம் அறிவித்தது: சட்டையைத் தனியாக அணிய வேண்டாம், இடது பக்கம் ஒருவர் அவசியம். தனியாக வசித்தவர்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வீட்டுக் கூடம் போதாமல் எல்லோரும் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். வரிசையில் நின்றால் இடது கோடியில் இருப்பவருக்கு யாருமில்லை, அவர் இருமினார். அதனால் வரிசை வளைந்து வட்டமானது. தனிமையில் செய்வதற்கென்றே பிறந்த சட்டை, தீவு முழுவதும் ஆட்களை வட்டம் வட்டமாக நிறுத்தியது.

கெடுவின் கடைசி நாள் சற்குணத்தின் அளவு நாற்பத்தொன்பதில் நின்றது. வட்டத்தில் அவருக்கு இடது பக்கம் பரிமளம், அசைவுச் சட்டை இல்லாமல். கையில் அளவுப்பலகையோடு இர்ஃபானா. நான்காவது அசைவு வந்தது. எல்லாத் தலைகளும் இடது பக்கம் திரும்பின. பரிமளம் மட்டும் வலது பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, முதல்ல இடது!"

"அது சட்டை போட்டவங்களுக்கும்மா. எனக்குப் பாக்க வேண்டிய ஆளு இந்தப் பக்கம் இருக்காரு."

இரண்டு முகங்களும் நேருக்கு நேர் வந்தன. அவள் விடட்டும் என்று அவர் மூச்சைப் பிடித்திருந்தார். அவர் விடட்டும் என்று அவள் பிடித்திருந்தாள். இரண்டு வினாடி நாலாகி, ஆறாகியது.

"ஐயோ, யாராவது ஒருத்தர் விடுங்களேன்!" என்று கத்தினாள் இர்ஃபானா.

பரிமளத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்துச் சற்குணமும் நெஞ்சிலிருந்த மூச்சையெல்லாம் கொட்டிச் சிரித்தார். இர்ஃபானா பலகையைத் திருப்பிக் காட்டினாள்: ஐம்பத்திரண்டு.

இருவரும் அதைக் கவனிக்கவில்லை. மற்றவர்கள் ஐந்தாவது அசைவுக்குப் போயிருந்தார்கள் என்பதையும் கவனிக்கவில்லை.