சரிவுக்குக் கீழே குரல் கொடுத்தவன்

கொட்டகையில் அப்போது இருந்தவர்கள்: ஃபோர்மேன். மெக்கானிக். உட்காரச் சொல்லியும் உட்காராமல் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்ற, ‘உருளை’ என்று எல்லாரும் கூப்பிடும் இளைஞன். நீளப் பெஞ்சின் மேல், தலைமுதல் கால்வரை தார்ப்பாய் மூடி, உருளையின் அக்கா புருஷன்.

வெளியே ஓர் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

தனக்கு மட்டும்தான் கேட்கிறதா என்று உருளைக்குத் தெரியவில்லை. தகரக் கூரையில் தூறல் பொரிந்துகொண்டிருந்தது. மூலையில் புகைந்த ஸ்டவ்விலிருந்து மண்ணெண்ணெய் வாடையும், ஈரத் தார்ப்பாயிலிருந்து சேறும் பெட்ரோலும் கலந்த இன்னொரு வாடையும் வந்து அறை நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. இதற்கெல்லாம் அடியில், கொட்டகைக்குப் பின்னாலிருக்கும் சரிவின் உச்சியிலிருந்து, கியர் போடாத இன்ஜினின் மெல்லிய தடதடப்பு. நகராத சத்தம். யாரோ காத்திருக்கும் சத்தம்.

ஃபோர்மேன் போனைத் தலைக்கு மேல் தூக்கி சிக்னல் தேடிக்கொண்டிருந்தார். மெக்கானிக் நக இடுக்கில் இருந்த சேற்றை ஆணியால் சுரண்டிக்கொண்டிருந்தான். இருவரும் கூரையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை.

மேலே உள்ள மின்கோபுரங்களுக்கு ஜீப் ஏறாது. அதனால் இரண்டு குவாட் பைக்குகள் இருந்தன. நாலு தடித்த டயர், ஹேண்டில்பார், ஒருவர் மட்டும் கால்போட்டு உட்காரும் சீட், பின்னால் சாமான் கட்டக் கம்பித்தட்டு. சரிவில் இறங்கும்போது முதல் கியர். உடம்பு பின்னால் சாய வேண்டும். முன் பிரேக்கைத் தொடக் கூடாது. நடுச்சரிவில் திரும்பக் கூடாது. வண்டி கவிழ்ந்தால் மேட்டுப் பக்கம் குதிக்க வேண்டும். ஃபோர்மேன் இதை வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடுகூடச் சொல்வார்.

இவற்றுக்கெல்லாம் மேல் அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. மூடுபனியில் உச்சியிலிருந்து அடிவாரம் தெரியாது. மின்கம்பிக்குக் கீழே வாக்கிடாக்கியில் இரைச்சல்தான் வரும். அதனால் முதலில் ஒருவன் இறங்குவான். மேலே நிற்பவன் “வரலாமா?” என்று கத்துவான். கீழே இருப்பவன் தரை எப்படி என்று சொல்லி, வா என்றால்தான் அடுத்த வண்டி நகரும். அவன் வாயை நம்பித்தான் மேலே இருப்பவனின் உயிர்.

சிக்னல் கிடைத்தது. ஃபோர்மேன் நின்றபடியே பேசினார்.

“ஆமாம்மா. ரோட்டுல மண் சரிஞ்சு கெடக்கு, விடிஞ்சாத்தான் ஆம்புலன்ஸ் வரும். இல்லம்மா. கீழேருந்து குரல் வர்றதுக்கு முன்னாடியே அவரா எறங்கிட்டாரு. கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு.” போனை உருளையிடம் நீட்டினார். “உன்னத்தான் கேக்குறாங்க.”

“தம்பி.” அக்கா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. “அவரு பாத்ரூம் கதவக்கூட ரெண்டு தடவ தட்டிட்டுத்தான்டா தொறப்பாரு. கேக்காம எறங்கினாரா?”

“ஆமாக்கா.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“பசங்க கேட்டா அப்படித்தான் சொல்லணுமா? உங்கப்பா அவசரப்பட்டுட்டாருன்னு?”

“ம்” என்றான் உருளை. காது கொதித்தது. போனைத் திருப்பிக் கொடுக்கும்போதுகூட முதுகைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இரண்டு முறை வண்டியோடு உருண்டான். அதில் வந்த பெயர் உருளை. அதற்கப்புறம் அவன் சோற்றுத்தட்டோடு உட்கார்ந்தாலே மெக்கானிக், “பாத்து, பெஞ்சு சரியுது” என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். மாமா மட்டும் சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொள்வார்.

இன்று மூன்றாவது முறை, கொட்டகைக்குப் பின்னாலிருக்கும் இதே சரிவில். மேலே சருகு காய்ந்து கிடந்தது, அடியில் களிமண் வெண்ணெயாக இருந்தது. பாதிச் சரிவில் பயந்துபோய் முன் பிரேக்கை அழுத்தினான். பின்பக்கம் சுழன்றது. அவன் மேட்டுப் பக்கம் விழுந்து முதுகாலேயே அடிவாரம்வரை வழுக்கி வந்தான். வண்டி ஆளில்லாமல் தானாக இறங்கி ஒரு புதரில் முட்டி நின்றது. பனியில் யாரும் பார்க்கவில்லை. அந்த நிம்மதியில் அவன் செய்த முதல் காரியம், இலைகளைப் பறித்துப் பேண்ட்டைத் துடைத்தது. வண்டியில் ஏறி நேராக உட்கார்ந்தான். முகத்தைச் சரிசெய்துகொண்டான்.

“மச்சான், வரலாமா?”

“வாங்க வாங்க மாமா, காய்ஞ்சு கெடக்கு!”

மாமா நம்பினார். ஸ்பேனர் பெட்டிகளின் மொத்தக் கனத்தையும் பின்னால் கட்டிக்கொண்டு, காய்ந்த தரையில் இறங்குவது போல இரண்டாவது கியரில் இறங்கினார்.

“யாருடா அது வண்டிய ஆஃப் பண்ணாம விட்டது?” என்றார் ஃபோர்மேன், கொட்டகை ஜன்னல் பக்கம் திரும்பி.

உருளை சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டான். அவருக்கும் கேட்கிறது.

மெக்கானிக் ஆணியைக் கீழே வைத்தான். “ரெண்டு வண்டியும் கீழதான்ணே இருக்கு. ஒண்ணு பள்ளத்துல தலைகீழா. சாவி ரெண்டும் என் பாக்கெட்டுல.” பாக்கெட்டைத் தட்டிக் காட்டினான். சாவிகள் கிணுங்கின.

இன்ஜின் ஓடியது. அப்புறம் அதற்கு மேலே, பனியில் நனைந்து கனத்து, ஒரு குரல்.

“மச்சான், வரலாமா?”

ஃபோர்மேன் பெஞ்சைப் பார்த்தார். தார்ப்பாய் அசையவில்லை. ஓரத்தில் ஒரு பூட்ஸின் அடிப்பாகம் தெரிந்தது, இடுக்குகளில் சிவப்புக் களிமண்.

“எவனோ வெளையாடுறான்” என்றான் மெக்கானிக். குரல் கீச்சிட்டது.

உருளை பல்லைக் கடித்துக்கொண்டான். வாயைத் திறக்கக் கூடாது. பதில் சொல்லாவிட்டால் வண்டி நகராது. அதுதான் பழக்கம். உதட்டை உதட்டால் அழுத்தினான்.

கொட்டகைக்கு வெளியே, சரிவின் அடியிலிருந்து, அவன் குரல் பதில் சொன்னது.

“வாங்க வாங்க மாமா, காய்ஞ்சு கெடக்கு!”

உற்சாகமான குரல். சிரிப்போடு இழுத்த குரல். அவன் இப்படியா பேசுகிறான்? இவ்வளவு போலியாகவா?

மேலே கியர் விழுந்தது. இன்ஜின் இறங்கியது. பாதி வந்தது. அப்புறம் டயர் பிடி விட்டுச் சுற்றும் வெறும் ஊளை. இரும்பு உருண்டது. ஒரு முறை. இன்னொரு முறை. கொட்டகையின் பின்சுவர் அதிர்ந்தது. ஈரமான எதுவோ நசுங்கும் சத்தம்.

அமைதி.

தூறல்.

மறுபடி உச்சியில், தடதடப்பு.

“மச்சான், வரலாமா?”

“வாங்க வாங்க மாமா…”

இருவரும் இப்போது உருளையைத்தான் பார்த்தார்கள். அவன் வாய் மூடியிருப்பதை. அதே குரல் வெளியே கேட்பதை.

“திரும்பு” என்றார் ஃபோர்மேன்.

“அண்ணே…”

“திரும்புடா.”

திரும்பினான். கழுத்திலிருந்து தொடைவரை சிவப்புக் களிமண் காய்ந்து வெடித்திருந்தது. சுவரிலும் அவன் முதுகின் அளவுக்கு ஒரு கறை. மெக்கானிக் சிரிக்கவில்லை. அவன் சிரித்துவிட மாட்டானா என்று உருளைக்கு இருந்தது.

“விழுந்திருக்க.” ஃபோர்மேன் குரலை உயர்த்தவில்லை. “விழுந்துட்டு, காய்ஞ்சிருக்குன்னு சொல்லியிருக்க. அந்தப் பொண்ணுகிட்ட என்னையும் பொய் சொல்ல வெச்சிருக்க.”

பின்சுவர் மறுபடி அதிர்ந்தது. ஸ்டவ் அணைந்தது.

“போ. நீ வரச் சொன்னதுக்குத்தான் அவரு வந்துட்டே இருக்காரு. நீயே வேண்டாம்னு சொல்லு. நாங்க கேக்கணும்.” கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

வெளியே குளிர். பனி. பச்சிலையைக் கசக்கிய வாசனை.

சரிவின் அடியில், புதருக்குப் பக்கத்தில், ஒருவன் குனிந்து இலைகளால் பேண்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவசர அவசரமாக. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தோளைக் குறுக்கிக்கொண்டு. அந்தத் தோளை உருளைக்குத் தெரியும். அதைக் காணக் கூசியது. ஓடிவிட வேண்டும் போலிருந்தது. எங்கே ஓடுவது?

குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். முகத்தைச் சரிசெய்துகொண்டான்.

“மச்சான், வரலாமா?”

உருளை முந்திக்கொண்டான். வேண்டாம் மாமா. வழுக்குது. நான் விழுந்துட்டேன். மூன்றையும் நெஞ்சில் திரட்டி, தொண்டை கிழியக் கத்தினான்.

“வாங்க வாங்க மாமா, காய்ஞ்சு கெடக்கு!”

புதருக்குப் பக்கத்தில் இப்போது யாரும் இல்லை. உருளையின் கை நிறையக் கசங்கிய இலைகள்.

மேலே, பனிக்குள், ஒரு ஹெட்லைட் மெல்லச் சரிவை நோக்கிக் குனிந்தது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள். அதன்மேல் பூட்டு.