நாற்பது வினாடிக் கதவு

மற்ற எல்லாருக்கும் ஐந்து வினாடியில் திறக்கும் காற்றுக்கதவு, காசிராஜனுக்கு மட்டும் நாற்பது வினாடி கழித்தே திறந்தது. ஏன் என்று அவனுக்கு விளங்கவே இல்லை.

சனிக்கோளின் டைட்டன் நிலவில், பாசி வளர்க்கும் கூடத்தில் அவன் பயிற்சிப் பணியாளன். கோவில்பட்டியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே மைனஸ் நூற்றெண்பது டிகிரியில் மீத்தேன் மழை பெய்யும். யாரும் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். அவனும் பார்ப்பதை விட்டிருந்தான். அவன் கண்ணெல்லாம் அந்தக் கதவின் மேல்தான். கதவு என்று சொன்னாலும் அது ஓர் ஆள் நிற்கும் சிறு அறை. முன்னும் பின்னும் ஒவ்வொரு கதவு. முன்கதவு மூடியதும், உள்ளே நிற்கும் ஓர் உடலுக்கு வேண்டிய காற்றை அளந்து விட்டு, பின்கதவு திறக்கும். காலை ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு வரிசை நகரும். ஆறுக்குப் பின் நுழைபவர் பெயரில் தாமதக்குறி விழும். பத்துக் குறி விழுந்தால் அடுத்த கப்பலில் ஊர்.

அவனுக்கு ஒன்பது விழுந்தாகிவிட்டது. ஊர்ப் பேருந்து நிலையத்தில் அவன் படம் போட்ட பிளக்ஸ் பேனர் இன்னும் தொங்கியது. நூற்றாண்டு மாறியும் பேனர் மாறவில்லை. எந்த முகத்தோடு அதற்குக் கீழே போய் இறங்குவது?

குற்றவாளி யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பயிற்றுநர் ஸ்டெல்லாமேரிதான். தூத்துக்குடியிலிருந்து குடியேறியவர்களின் மகள். டைட்டனிலேயே பிறந்து வளர்ந்தவள். வரிசையில் கடைசி ஆள் அவன்; அவனுக்கு முன்னால் நிற்பவள் அவள்தான். தினமும் திரும்பிப் பார்த்து, "தள்ளி நில்லுங்க தம்பி" என்பாள்.

அந்த வார்த்தையை அவனுடைய கொள்ளுத்தாத்தா டீக்கடை வாசலில் கேட்டிருக்கிறார். நூற்றிருபது கோடி கிலோமீட்டர் தாண்டி வந்தும் அதையே கேட்பதா? பல்லைக் கடித்துக்கொண்டு, வேண்டுமென்றே இன்னும் நெருங்கி நிற்பான். அவள்தான் கதவின் நிரலில் தன் பெயருக்குத் தடை போட்டிருக்கிறாள் என்று முடிவுகட்டினான்.

பத்தாவது குறி விழுமுன், ஒரே ராத்திரியில் திட்டம் தீட்டினான். ஒவ்வொருவர் சீருடையின் தோளிலும் ஓர் அடையாள வில்லை உண்டு. கதவு ஆளை அறிவது அதை வைத்துத்தான். சலவை அறையில் அவளுடைய வில்லையையும் தன்னுடையதையும் மாற்றிவிட்டால், தடை அவள் தலையில் விடியும். பத்தொன்பது வருடத்தில் ஒரு குறிகூட வாங்காதவள். அவள் கதவின் முன் விழித்துக்கொண்டு நிற்கும் முகத்தை நினைத்தபோது பாசிக்கஞ்சிகூட ருசித்தது.

மாற்றினான். மறுநாள் காலை, அவன் வில்லையை அணிந்திருந்த அவளுக்கு ஐந்தே வினாடியில் கதவு திறந்தது. அவள் வில்லையை அணிந்திருந்த அவனுக்கு நாற்பது வினாடி. கூரையிலிருந்து குரல் வந்தது: "ஸ்டெல்லாமேரி, தாமதம்."

பழி தீர்ந்துவிட்டது. ஆனால் கோளாறு வில்லையில் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது.

அவள் திரும்பி வந்து அவன் தோளைப் பார்த்தாள்.

"மாத்துனது நீங்கதானே?"

"ஆமாக்கா. எனக்கு மட்டும் கதவுல தடை போட்டீங்கல்ல? அதுல தெனமும் தள்ளி நில்லுன்னு வேற. எங்க ஊர்ல அந்த வார்த்தைக்கு வெட்டுக்குத்தே நடந்திருக்கு."

அவள் புரியாமல் பார்த்தாள். "எனக்கு முன்னால நிக்கிறவங்ககிட்ட இருந்து நானும்தானே தள்ளி நிக்கிறேன்? கதவு எண்ணும்ல?"

பிறகு விளக்கினாள். வாசல் தரை கால்களை எண்ணும். நுழைபவருக்கு ஒரு கை தூரத்துக்குள் இன்னொருவர் நின்றால், இருவரும் சேர்ந்து உள்ளே போனதாக அது எடுத்துக்கொள்ளும். மறுபக்கம் ஒருவர்தான் வெளியே வருவார். இன்னொருவருக்காகக் கதவு நாற்பது வினாடி காத்திருக்கும். யாரும் வராவிட்டால் எண்ணிக்கையை அழித்துவிட்டு மறுபடி தொடங்கும். அவசரப்பட்ட காசிராஜன், கதவைப் பொறுத்தவரை, தினமும் முன்கூட்டியே உள்ளே போயிருந்தான்.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டான். மாடிப்படி ஏறுவதை யாராவது விளக்குவார்களா என்றாள். சரி, அவன் ஏன் முதுகோடு ஒட்டி நிற்கிறான் என்று அவள் கேட்டாள். ஊரில் இடைவெளி விட்டால் நடுவில் ஒரு குடும்பமே நுழைந்துவிடும் என்றான் அவன்.

அவள் தாமதக்குறியை அழிக்கச் சொல்லி முறையிடவில்லை. புன்னகைதான் செய்தாள். "அடுத்த கப்பல்ல உங்க ஜில்லாவுல இருந்து பத்துப் பேரு வர்றாங்க. அவங்க வரிசை உங்க பொறுப்பு. ஒருத்தர் லேட்டானாலும் உங்க பத்தாவது குறி. என் பத்தொன்பது வருஷத்துக்குப் பதில் சொல்லணும்ல தம்பி?"

பத்துப் பேரும் வந்தார்கள். ஒத்திகைக்கு ஒரு வாரம் கிடைத்தது. தரை, கால், நாற்பது வினாடி எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கினான். தலையாட்டிவிட்டு ஒருவர் முதுகோடு ஒருவர் ஒட்டி நின்றார்கள். தரையில் மஞ்சள் பாதங்கள் வரைந்தான். ஒரு பாதத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். கடைசியில் வாய் தவறி, "தள்ளி நில்லுங்க" என்றான். ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு அரை அடி நெருங்கினான். அந்தப் பார்வை காசிராஜனுக்குப் பழக்கமானது. மூன்று வாரம் அவனே பார்த்த பார்வை.

அதற்குப்பின் அவன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சலவை அறைக்குப் போய் ஒன்பது துண்டுகளை எடுத்து வந்தான். ஊரில் பேருந்து ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதுபோல இரண்டு பேருக்கு நடுவே ஒன்றாகத் தரையில் விரித்தான். யாரோ இடம் போட்டிருக்கிறார்கள் என்று ஒருவர்கூட அதை மிதிக்கவில்லை.

இரண்டு பேருக்கு நடுவே ஒரு துண்டு போட்டால் போதும். கதவு ஐந்து வினாடியில் திறக்கிறது.