பெல்ட் போட்ட இருக்கை

ஆளில்லாத பக்கத்து இருக்கைக்கு பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்திக்கொண்டே இருந்தது. லண்டன் இல்ஃபோர்ட் வீட்டுச் சமையலறையில், காலை பத்து மணிக்கு, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த தவமலருக்கு அந்த ‘டிங் டிங்’ பல்லைக் கூசவைத்தது.

“இஞ்சாருங்கோ, சீற்றில என்ன வச்சிருக்கிறியள்?”

“ஒண்டுமில்லையப்பா. தண்ணிப் பெட்டியையும் பின்னால தள்ளிப்போட்டன்.”

அவளுடைய கணவர் பாலேந்திரா ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் ஒரு நொடி இருந்ததில்லை. பேப்பர் வாங்கவே வரைபடம் விரிக்கிற மனிதர். இப்போது மொரோக்கோப் பாலைவனத்தில், ஏணி வைத்து ஏறவேண்டிய உயரத்தில் ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்து, தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார். “மணல் பாக்க அவ்வளவு தூரமோ? சவுத்எண்ட் கடற்கரையில இல்லாத மணலோ?” என்று அவள் கூடப் போக மறுத்துவிட்டாள்.

“பாதையைப் பார்!” என்று, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த போனின் கமராவை வெளிப்பக்கம் திருப்பினார். லண்டன் முழுவதையும் கொண்டுவந்து கொட்டினாலும் ஒரு மூலை நிரம்பாத வெளி. அதன் நடுவே வானம்வரை இரண்டு சக்கரத்தடங்கள். அடியில் கல் மோதும் சத்தம், கண்ணாடியில் அரிசி புடைப்பதுபோல் மணல் உரசும் சத்தம், இவற்றுக்கு மேலே ஓயாத அந்த ‘டிங் டிங்’.

கிளிக்.

பெல்ட் மாட்டிய சத்தம். ‘டிங் டிங்’ நின்றது.

“ஆரப்பா அது?”

பாலேந்திராவின் குரல் போனை நோக்கி வரவில்லை. பக்கத்துக்குப் போனது.

“இப்பவாவது போட்டியே, தவம். சவுத்எண்ட் எண்டு நக்கலடிச்சாய், பாத்தியே?”

“நான் இஞ்சை வீட்டில நிக்கிறன்! கேக்குதோ?”

அவருக்குக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்.

வண்டி நின்றது.

“முன்னால மணல் ஆழம்போல. நான் இறங்கிப் பாக்கிறன். நீ இஞ்சால வந்து ஸ்டியரிங்கைப் பிடி. கை காட்டக் காட்ட மெல்ல வா.”

முப்பது வருடம் லண்டனில் இருந்தும் தவமலருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

கதவு. காலடி. கண்ணாடிக்கு வெளியே பாலேந்திரா, சப்பாத்துக் காலால் மணலை உதைத்துப் பார்த்தபடி.

போனுக்கு மிக அருகில் இருக்கை முனகியது. ஒரு மூச்சு.

“முன்னால நிக்காதேங்கோ! விலகுங்கோ!” என்று தவமலர் போனுக்குள் கத்தினாள்.

அழைப்பை வெட்டிவிட்டுத் திரும்பக் கூப்பிடலாம். வெட்டினால் அவர் மறைந்துவிடுவார். சிவப்புப் பொத்தான்வரை போன விரலை அவள் திரும்ப எடுத்தாள்.

எஞ்சின் உறுமியது.

அவர் விலகவில்லை. வண்டியைப் பார்த்துச் சிரித்தபடி, பின்னுக்குப் பின்னுக்கு நடந்து, இரண்டு கைகளாலும் கூப்பிட்டார்.

“வா... வா... பயப்பிடாதை. நான் நிக்கிறன்தானே.”

வண்டியின் முன்பக்கப் பொனற்றின் விளிம்பு அவருடைய முழங்காலை மறைத்தது. பிறகு இடுப்பை.

கைகள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.