குவாண்டாங் மாமாவின் கன்று

லெட்டியின் மாமாவுக்கு டெஸ்மண்ட் என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் திருதிருவென்று விழிப்பார்கள். குவாண்டாங் மாமா என்று கேட்டுப் பாருங்கள், தெரு நாய்கூட அவரிடம் கூட்டிக்கொண்டு போய்விடும்.

குவாண்டாங் எங்கள் மலையடிவாரத்துக் காட்டு மரம். செக்கச்செவேலென்று நெல்லிக்காய் அளவில் பழுக்கும். கடித்தால் புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் மேடுபள்ளமான கொட்டையை வைத்துக் கோலி விளையாடாத பிள்ளை இங்கே கிடையாது. மாமாவுக்கு அந்தப் பழம் என்றால் உயிர். அதனால்தான் அவருக்கு அந்தப் பட்டப்பெயர் என்று லெட்டி நினைத்திருந்தாள். அவளுக்கு வயது பத்து. மாமாவைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவள் எண்ணம்.

மாமா வண்டி ரிப்பேர் பார்ப்பவர். வெகுகாலமாக லெட்டி வீட்டுக் கொல்லையில் சக்கரமில்லாமல் நின்ற பழைய கேரவன் வண்டிக்குள்தான் குடியிருந்தார். அடுப்பில் புகை கிளம்பினால் போதும், தட்டும் கையுமாக வந்து நிற்பார்.

“சும்மா இந்தப் பக்கமா போயிட்டிருந்தேன் அக்கா. வாசனை கூப்பிட்டுச்சு.”

கொல்லையிலிருந்து அடுப்படிக்கு வர எந்தப் பக்கமாகப் போனாரோ, அவருக்கே வெளிச்சம்! ஆனால் அவர் வந்து உட்கார்ந்தால் வீடே சிரிக்கும். ஈமு தன் வண்டியை முந்திய கதை, கங்காரு தன் தொப்பியைத் திருடிய கதை என்று அவிழ்த்து விடுவார். ஒன்றில்கூட உண்மை இருக்காது.

அந்த மாமாவுக்கு ஒருவழியாகத் தெருக்கோடியில் ஒரு வீடு கிடைத்தது. சாவி கைக்கு வந்த அன்று லெட்டியின் அப்பா அவர் முதுகில் ஓங்கித் தட்டினார்.

“அப்பாடா! இனிமே உன் வீடு, உன் அடுப்பு, உன் ரொட்டி. என் தட்டுல இருக்குற கறி தப்பிச்சுது மச்சான்!”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

அந்த மாதக் கடைசியில் புது வீட்டு விருந்து என்று முடிவாயிற்று. மாமாவுக்கு என்ன பரிசு கொடுப்பது என்று லெட்டி யோசிக்கவே இல்லை. அவளிடம் ஒரு குவாண்டாங் கன்று இருந்தது. பேருக்கேற்ற மரம்!

அந்தக் கன்று வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். ஈமுவின் வயிற்றுக்குள் போய்வந்த கொட்டைதான் நன்றாக முளைக்கும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அதனால் லெட்டியும் அவள் தம்பி ஜார்வியும் ஓடைக்கரையில் ஈமு எச்சத்தைக் குச்சியால் கிளறிக் கிளறிக் கொட்டை பொறுக்கினார்கள். ஜார்வி அதைத் தன் பள்ளிக்கூடச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தான். டப்பாவைத் திறந்த அவன் அம்மா போட்ட சத்தம் அடுத்த வீட்டில் இருக்கும் எனக்கே கேட்டது.

ஓடை மண்ணைப் பழைய பெயின்ட் டின்னில் நிரப்பி, கொட்டைகளை ஊன்றினார்கள். ஒன்றே ஒன்றுதான் முளைத்தது. அதன் பக்கத்திலேயே, யாரும் கூப்பிடாமல், ஓர் உப்புச்செடியும் முளைத்தது. சாம்பல் நிறத்தில் பரட்டைத்தலையோடு எங்கள் ஊர்ச் செம்மண் முழுக்கக் கிடக்குமே, அந்தச் செடிதான்.

‘பரிசு கொடுக்கும்போது அழகாக இருக்க வேண்டாமா?’ என்று நினைத்தாள் லெட்டி. உப்புச்செடியை வேரோடு பிடுங்கி எறிந்தாள். ஒரு புல் விடாமல் கிள்ளினாள். டின்னைத் தேய்த்துக் கழுவி, வெளியே சிவப்பு வண்ணம் பூசினாள். கன்று தன்னந்தனியாக, ராஜா மாதிரி நின்றது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, ராஜாவின் முகம் மஞ்சளாகிவிட்டது.

லெட்டி தண்ணீர் ஊற்றினாள். இன்னும் மஞ்சளாயிற்று. தண்ணீரை நிறுத்தினாள். ஓர் இலை உதிர்ந்தது. நிழலில் வைத்தாள், வெயிலில் வைத்தாள். எதுவும் பலிக்கவில்லை.

“தக்காளி சாஸ் ஊத்திப் பாரு. எனக்கு அது ஊத்துனாதான் சாப்பாடு இறங்குது” என்றான் ஜார்வி.

“போடா! இது செத்துப்போச்சுன்னா மாமாவுக்குக் கொடுக்க என்கிட்ட வேற எதுவும் இல்ல, தெரியுமா?” என்றாள் லெட்டி. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மாமாவிடம் கேட்கலாம் என்றால், யாருக்கு மறைத்து வைத்திருக்கிறாளோ அவரிடமே எப்படிக் கேட்பது?

தவிர, மாமா வந்தால்தானே கேட்பதற்கு? புது வீட்டுக்குப் போன நாளிலிருந்து அவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அம்மா பழக்கத்தில் அவருக்கும் சேர்த்தே சமைத்துவிட்டுப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“அவனும் சமைக்கக் கத்துக்கட்டும்” என்பார் அப்பா. ஆனால் அவர் கண்ணும் கொல்லைக் கதவைத்தான் பார்க்கும்.

ஒரு சாயங்காலம் கங்காரு வால் குழம்பு. தணலில் சுட்ட ரொட்டியைக் குழம்பில் முக்கிக்கொண்டே ஜார்வி கேட்டான்.

“அம்மா, மாமாவுக்கு ஏன் குவாண்டாங்னு பேரு? மூக்கு சிவப்பா இருக்குறதாலயா?”

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல. அந்த மரம் இருக்கே, அது சாப்பாட்டைத் தானா தேடிக்காது. மண்ணுக்குள்ளேயே நைசா வேரை நீட்டி, பக்கத்துச் செடி வேரைப் புடிச்சுக்கிட்டு அது குடிக்கிறதுல பங்கு குடிக்கும். அடுத்த வீட்டுச் சாப்பாட்டு ராமன்! உங்க மாமா சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். எந்த வீட்டுல புகை வருதோ அங்க இருப்பான். ஊரே சேர்ந்து வச்ச பேரு.”

லெட்டி கையில் ரொட்டி அப்படியே நின்றது.

“அம்மா... பக்கத்துல செடியே இல்லன்னா?”

“இல்லன்னா என்ன? பட்டினிதான்.”

லெட்டி எழுந்து வெளியே ஓடினாள். சிவப்பு டின்னுக்குள் கன்று தனியாக நின்றுகொண்டிருந்தது. “ஐயோ! உன் சோத்துப் பானையையே நான் தூக்கி எறிஞ்சுட்டேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒரு மண்வெட்டி தேவைப்பட்டது. மண்வெட்டி மாமாவிடம்தான் இருந்தது. தெருக்கோடிக்குப் போனாள்.

மாமாவின் முற்றம் பளபளவென்று இருந்தது. புல் பூண்டு எதுவுமில்லாமல் பெருக்கித் தள்ளியிருந்தார். மாமா வாசற்படியில் உட்கார்ந்து, டின்னில் அடைத்த பீன்ஸைச் சூடுகூடப் பண்ணாமல் கரண்டியால் தின்றுகொண்டிருந்தார். எதிரே நட்டு என்ற அவருடைய நாய் தன் பங்குக்காகக் காத்திருந்தது.

“என்ன மாமா, அடுப்பு இருக்குல்ல?”

“இருக்கு குட்டி. ஜம்முனு இருக்கு. ஒரு ஆளுக்காக அதை எதுக்கு எழுப்பணும்னு விட்டுட்டேன்.”

“நம்ம வீட்டுக்கு ஏன் வரவே மாட்டேங்கிற?”

மாமா கரண்டியை டின்னுக்குள் சுழற்றினார். “சொந்த வீடு வந்தாச்சுல்ல? இன்னமும் தட்டத் தூக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்? உங்கப்பா கறியும் தப்பிச்சுதே!” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஈமுவும் இல்லை, கங்காருவும் இல்லை.

லெட்டி மண்வெட்டியை வாங்கிக்கொண்டு ஓடைக்குப் போனாள். அவளுக்கு மாமாவின் முகம் டின்னில் இருந்த கன்றை ஞாபகப்படுத்தியது. அதே மஞ்சள்.

நல்ல பரட்டையாக ஒரு குட்டி உப்புச்செடியைப் பார்த்து, வேர் அறாமல் மண்ணோடு தோண்டி, கன்றின் பக்கத்தில் நட்டாள். “இந்தா, உன் அடுத்த வீடு. வெக்கப்படாம சாப்பிடு” என்றாள்.

கன்று உடனே நிமிர்ந்துவிடவில்லை. மண்ணுக்குள் வேரும் வேரும் கைகோக்க நாளாகும் அல்லவா? தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் லெட்டி ஓடிவந்து பார்ப்பாள். இன்னோர் இலை விழுந்தது. பிறகு விழுவது நின்றது. அவ்வளவுதான்.

விருந்து நாளும் வந்துவிட்டது. காலையில் ஜார்விதான் முதலில் பார்த்தான்.

“அக்கா! இதுக்குப் பல்லு முளைச்சிருக்கு!”

கன்றின் நுனியில் அரிசி அளவில் பச்சையாக ஒரு புதுத் தளிர். லெட்டி தம்பியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

தெருவே மாமா வீட்டில் கூடியிருந்தது. நானும் ஒரு பாத்திரம் இறைச்சியோடு போயிருந்தேன். லெட்டி டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாமா அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“எனக்கா? குவாண்டாங்கா?” அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. அதை மறைக்க டின்னை உற்றுப் பார்த்தார். “பக்கத்துல யாரு இந்தப் பரட்டைத்தலை?”

“அது சாப்பாடு போடுறவங்க மாமா.”

எல்லோரும் சிரித்தோம். மாமா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்தின் நடுவுக்குப் போனார். “இதோ, இங்க நட்டுருவோம். எவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன் பாரு!”

“முடியாது மாமா!” லெட்டி டின்னை இறுகப் பிடித்துக்கொண்டாள். “இங்க சுத்துமுத்தும் யாருமே இல்ல. வளர வளர இந்த ஒரு செடி எப்படிப் பத்தும்? பட்டினி கிடக்கும்.”

“அப்புறம்?”

“எங்க வேலி ஓரமா நடலாம். அங்க உப்புச்செடி நிறைய இருக்கு.”

“அதெப்படி? என் மரம் உங்க வீட்டுலயா?”

“மரம் உன்னோடதுதான். அதனால நீதான் தண்ணி ஊத்தணும். தினமும் வரணும்.” லெட்டி ஒரு நொடி யோசித்தாள். “காலையில வேணாம். சாயங்காலம் வா. அம்மா அடுப்புப் பத்த வைக்கிற நேரமாப் பார்த்து வா.”

மாமா லெட்டியைப் பார்த்தார். பிறகு அவள் அப்பாவைப் பார்த்தார்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “என்னடா பாக்குற? கன்னுக்குட்டி மாதிரி ஒரு மரத்தைக் குடுத்திருக்கா. தண்ணி ஊத்தாம காய விட்டே, நான் சும்மா இருக்க மாட்டேன். கறி தப்பிச்சா என்ன, திங்க ஆளில்லாம குழம்பெல்லாம் வீணாப் போகுது மச்சான்.”

“அழுதுறாத டெஸ், ஊரே பாக்குது” என்றாள் அம்மா. அவள்தான் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாளே வேலியோரம் கன்றையும் உப்புச்செடியையும் பிரிக்காமல் நட்டார்கள். சாயங்காலம் அடுப்பில் புகை கிளம்பியது. தெருக்கோடியிலிருந்து மாமா வந்தார். ஒரு கையில் ஜாம் டின்னில் தண்ணீர், மறு கையில் தட்டு, பின்னாலேயே நாய் நட்டு.

“தண்ணி ஊத்தியாச்சா?” என்று கேட்டார் அப்பா.

“ஆச்சு மச்சான்.”

“அப்ப உக்காரு. அந்த ஈமு உன் வண்டியை முந்துச்சே, அப்புறம் என்ன ஆச்சு?”

இப்போது தினமும் இதே கதைதான். கன்று என் இடுப்புயரம் வந்துவிட்டது. நன்றாக வேர் பிடித்த குவாண்டாங்குக்குத் தினமும் தண்ணீர் தேவையே இல்லை, எப்போதாவது ஊற்றினால் போதும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் சாப்பிடும்போது ஜார்வி, “மாமா, அதுக்குத் தினமும் தண்ணி...” என்று ஆரம்பித்தான்.

லெட்டி அவன் வாயில் ஒரு பெரிய ரொட்டித் துண்டைத் திணித்துவிட்டாள்.